ரசீது இருந்தால்தான் சொத்து

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் பஸ் கோபாலபுரம் எல்லையைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுபவை லாட்டரிக் கடைகள்தான். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் அந்த வியாபாரத்துக்குக் குறைவில்லை. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள தமிழ் பேசும் கிராமங்களில் வருமான வரி ரிட்டர்னைக் கண்ணால் பார்த்திராதவர்கள் ஏராளம். ஆனால் ஒரு வரிக் கணக்கு மட்டும் அவர்களுக்கும் அத்துப்படி. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவிகிதம் போய்விடும். ஏஜெண்டின் கமிஷனும் போய் மிச்சம்தான் கைக்கு வரும்.

அதே 30 சதவிகிதத்தைத்தான் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டில் கிரிப்டோ நாணயங்களுக்கும் விதித்தார். விகிதம் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அப்போது நிதித் துறைச் செயலராக இருந்த டி.வி.சோமநாதன் மறுநாளே அதை விளக்கினார்: கிரிப்டோவை வாங்குவதும் விற்பதும் சட்டவிரோதம் அல்ல, ஆனால் குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு எப்படி வரியோ அப்படித்தான் இதற்கும். அதாவது அரசாங்கத்தின் பார்வையில் பிட்காயின் வாங்குபவர் முதலீட்டாளர் அல்ல, சீட்டு வாங்குபவர்.

ஆனால் லாட்டரிச் சீட்டு வாங்குபவருக்கு இருக்கும் சௌகரியம் இவருக்கு இல்லை. சீட்டை அச்சடிப்பது கேரள அரசு. குலுக்கல் பகிரங்கமாக நடக்கிறது. வரியின் பெரும் பகுதி கைக்குப் பணம் வருமுன்பே பிடிக்கப்பட்டு விடுகிறது. கிரிப்டோவில் வழியிலேயே பிடிக்கப்படுவது விற்ற தொகையில் 1 சதவிகிதம் மட்டும். மீதியைக் கணக்குப் போட்டு, படிவத்தில் வரிசை வரிசையாக எழுதி, கட்ட வேண்டியது வாங்கியவரின் பொறுப்பு. கம்பெனி காணாமல் போனால் கேட்பதற்கு ஆள் தேடுவதும் அவர் பொறுப்பே.

வரி வந்ததும் எல்லோரும் செய்த முதல் தவறு, அதை லைசென்ஸ் என்று நினைத்தது. ‘கவர்மெண்டே வரி வாங்குகிறதே, அப்புறம் என்ன?’ என்ற கேள்வி ஏஜெண்டுகளுக்கு நல்ல விளம்பரமாயிற்று. உண்மையில் நிதி அமைச்சர் பட்ஜெட்டுக்குப் பத்து நாள் கழித்து மாநிலங்களவையில் பேசும்போதே, இதைச் சட்டபூர்வமாக்கவும் இல்லை, தடை செய்யவும் இல்லை என்று சொல்லிவிட்டார். லாபம் எங்கிருந்து வந்தாலும் வரி கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பதே அவர் நிலை. கள் இறக்குபவருக்குத் தெரியும், மரவரி கட்டிய ரசீது வேறு, கடை நடத்தும் உரிமம் வேறு என்று. காயின் விஷயத்தில் அந்த வித்தியாசம் பலருக்கு மறந்துவிட்டது.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டு, கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு எந்தச் சேவையும் தரக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. காயின்களைத் தடை செய்யவில்லை. பணம் போகும் வாய்க்காலை அடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் 4இல், உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் கொண்ட அந்த அமர்வுக்காகத் தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த வி.ராமசுப்பிரமணியன். சட்டப்படி தடை செய்யப்படாத ஒரு தொழிலுக்கு வங்கி வசதியை அடியோடு மறுக்கும் அளவுக்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு என்ன நஷ்டம் நேர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதன் பிறகு தடை மசோதா ஒன்று பேசப்பட்டது, 2021இல் நாடாளுமன்றப் பட்டியலிலும் இடம் பெற்றது, ஆனால் அறிமுகமாகவே இல்லை. வந்தது வரிதான்.

அப்படியானால் இன்று சட்டப்படி வாங்குவது என்றால் என்ன? ஒரே வரியில் சொன்னால், தடம் விட்டு வாங்குவது. 2023 மார்ச் 7ஆம் தேதி அறிவிக்கை ஒன்றின் மூலம் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளை மத்திய அரசு சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. இந்தியர்களுக்குச் சேவை தரும் எந்த எக்ஸ்சேஞ்சும் நிதி அமைச்சகத்தின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டும், சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்யாமல் இங்கே கடை விரித்திருந்த ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போயிற்று. அவற்றில் உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸும் ஒன்று. அடுத்த மாதமே அவற்றின் இணையத் தளங்கள் முடக்கப்பட்டன. பைனான்ஸ் பதிவு செய்துகொண்டது. 2024 ஜூனில் அதற்கு 18.82 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது.

எனவே வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காயினின் விலையை அல்ல, விற்கும் நிறுவனம் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா என்பதை. பிறகு பான் கார்டு, ஆதார், தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. பணம் அந்தக் கணக்கிலிருந்தே போக வேண்டும், விற்ற பணம் அதற்கே திரும்ப வேண்டும். மைத்துனர் கணக்கு, நண்பரின் கூகுள் பே எல்லாம் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பதிவு என்பது அந்த நிறுவனத்தின் மீது ஒரு கண் இருக்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, போட்ட பணத்துக்கு ஜாமீன் அல்ல. பங்குச் சந்தைக்கு செபி இருப்பது போல, வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருப்பது போல, இங்கே எதுவும் கிடையாது.

இனி வரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 115பிபிஎச் என்ற பிரிவாக 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நிறைவேறிய புதிய சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 அமல் தேதி. அதில் பிரிவின் எண் மாறியிருக்கிறது, விகிதம் மாறவில்லை. லாபத்தில் 30 சதவிகிதம், அதன் மேல் 4 சதவிகிதம் செஸ், ஆக 31.2 சதவிகிதம். பெரும் பணக்காரர்களுக்கு சர்சார்ஜ் தனி.

கொழிஞ்சாம்பாறை அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் 20,000 ரூபாய்க்கு பிட்காயினில் ஒரு துண்டு வாங்கி 35,000 ரூபாய்க்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். (முழு பிட்காயின் வாங்க வேண்டியதில்லை, தங்கத்தைக் குண்டுமணி அளவில் வாங்குவது போல நூறு ரூபாய்க்கும் வாங்கலாம்.) வேறு வருமானம் அவருக்கு எதுவுமில்லை. மற்ற வருமானமாக இருந்தால் அடிப்படை வரி விலக்கு வரம்பு அவரைக் காப்பாற்றியிருக்கும். இங்கே அது செல்லாது. 15,000 ரூபாய் லாபத்துக்கு 4,500 ரூபாய் வரி, செஸ் 180, மொத்தம் 4,680. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றால், அந்தத் தள்ளுபடி இது போன்ற தனி விகித வருமானத்துக்குக் கிடையாது. தோப்பு வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் தனக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கும் விவசாயியின் கதையும் இதுதான். தேங்காய் விற்ற பணம் விவசாய வருமானம். அந்தப் பணத்தில் வாங்கிய காயினின் லாபம் விவசாய வருமானம் அல்ல.

உண்மையான முள் இருப்பது விகிதத்தில் அல்ல, நஷ்டத்தில். ஒரு வியாபாரி ஒரு காயினில் 60,000 ரூபாய் சம்பாதித்து, அதே வருஷம் வேறொரு காயினில் 50,000 ரூபாய் இழந்தார் என்றால், அவர் மனைவியைக் கேட்டால் லாபம் 10,000 ரூபாய் என்பார். வருமான வரிச் சட்டம் 60,000 என்கிறது. நஷ்டத்தை லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. வரி 18,720 ரூபாய். ஆக 10,000 சம்பாதித்தவர் கடைசியில் 8,720 ரூபாய் கைநஷ்டத்தில் நிற்கிறார். தேங்காயில் விட்டதைக் கொப்பரையில் பிடிக்கும் வியாபாரிகளுக்கு இது புரிவதே கஷ்டம். பங்குச் சந்தையில் கூட ஒரு கம்பெனிப் பங்கின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இது நியாயம்தானா என்று கேட்டால், அல்ல என்றே சொல்ல வேண்டும். சூதாட்டம் என்று நினைத்தால் தடுக்கலாம். சொத்து என்று நினைத்தால் சொத்துக்கு உரிய கணக்கைத் தரலாம். அரசு சொத்து என்று பெயரிட்டு, சூதாட்டத்துக்கு உரிய வரியை வாங்குகிறது.

செலவுகளும் அப்படியே. வாங்கிய விலையைத் தவிர வேறு எதையும் கழிக்க முடியாது. நகையை அடகு வைத்துக் காயின் வாங்கியவர் கட்டிய வட்டி, கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட்டிக் காயின் ‘வெட்டியெடுப்பவரின்’ மின்சாரக் கட்டணம் எதுவும் கணக்கில் வராது. எக்ஸ்சேஞ்ச் தன் சேவைக்கு வாங்கும் கட்டணத்தின் மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி வேறு.

பலர் தடுக்கி விழும் இன்னொரு இடம் மாற்றிக்கொள்வது. பிட்காயினைக் கொடுத்து ஈதர் வாங்கினால் கையில் ரூபாயே வரவில்லை, அப்புறம் எதற்கு வரி என்பார்கள். சட்டப்படி அது ஒரு விற்பனை, ஒரு கொள்முதல். டாலரோடு விலை கட்டப்பட்ட யுஎஸ்டிடி காயினுக்கு மாற்றி ‘பத்திரமாக’ வைத்தாலும் அன்றைக்கே லாபம் கணக்காகிவிடுகிறது. தன் காயினை எக்ஸ்சேஞ்சிலிருந்து தன்னுடைய சொந்த வாலெட்டுக்கு மாற்றுவது மட்டும் விற்பனை ஆகாது. நண்பர் அன்பளிப்பாகத் தந்த காயின்களின் மதிப்பு வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால், வாங்கியவரின் வருமானத்தில் சேரும். அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் போன்ற உறவினர் தந்தால் சேராது. மனைவி பெயரில் வாங்கினால் தப்பலாம் என்று கணவர் பணம் கொடுத்து வாங்கினால், லாபம் கணவரின் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். இந்த யோசனை நிலம் வாங்கும் காலத்திலிருந்தே வரி இலாகாவுக்குப் பரிச்சயமானது.

அந்த 1 சதவிகிதம் 2022 ஜூலை 1 முதல் பிடிக்கப்படுகிறது. லாபத்தில் அல்ல, விற்ற மொத்தத் தொகையில். நஷ்டத்துக்கு விற்றாலும் உண்டு. வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரையும், சில வகை நபர்கள் வாங்கும்போது 50,000 ரூபாய் வரையும் விலக்கு. இது தனி வரி அல்ல, முன்கூட்டிய பிடித்தம். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திருப்பிப் பெறலாம். ஆனால் தினமும் வாங்கி விற்பவருக்கு இது கழுத்தில் கயிறு. ஒரு லட்ச ரூபாயை விலை ஏறாமல் இறங்காமல் இருபது முறை விற்று வாங்கினால் சுமார் 18,000 ரூபாய் பிடித்தத்தில் போய் உட்கார்ந்துவிடும். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவிகிதம். அரசின் நோக்கம் வெளிப்படை: வருமானம் அல்ல, யார் விற்றார்கள் என்ற பட்டியல்.

அந்தப் பட்டியல் இப்போது வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. காயின் வியாபாரம் செய்துவிட்டு ரிட்டர்னில் காட்டாத 44,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வரி இலாகா கடிதம் அனுப்பியிருப்பதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. 115பிபிஎச் பிரிவில் வசூலான வரி 2022-23இல் 269 கோடி ரூபாய், 2023-24இல் 437 கோடி. நாட்டின் வரி வருவாயில் இது கடுகு. ஆனால் பெயர்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் வைத்தால் தெரியாது என்ற நம்பிக்கைக்கும் ஆயுள் குறைவு. கிரிப்டோ கணக்கு விவரங்களை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் 2027இலிருந்து சேர இந்தியா இசைந்திருக்கிறது. வீட்டில் சோதனை நடந்து கணக்கில் காட்டாத காயின் அகப்பட்டால், 2025 பட்ஜெட் திருத்தத்துக்குப் பிறகு, அதுவும் மறைத்த வருமானமாகக் கருதப்பட்டு 60 சதவிகித வரிக்கு உள்ளாகும்.

இந்தக் கெடுபிடிகளைக் காட்டித்தான் எல்லைப் பகுதிகளில் இன்னொரு கடை நடக்கிறது. பான் வேண்டாம், பிடித்தம் வேண்டாம், ரொக்கம் கொடுத்தால் போதும், காயின் போனில் வந்துவிடும் என்பார்கள். மாநில எல்லை இதற்கு வசதி. ஏஜெண்டு பாலக்காட்டுக்காரர், ஆபீஸ் கோயம்புத்தூரில், புகார் கொடுக்கப் போனால் எந்தப் போலீஸ் என்ற கேள்வியிலேயே ஆறு மாதம் ஓடிவிடும்.

கேரளம் இதற்கு ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. மோரிஸ் காயின் என்ற பெயரில் 2020 வாக்கில் வடகேரளத்தில் பரவிய திட்டத்தில் 15,000 ரூபாய் போட்டால் தினம் 270 ரூபாய் வீதம் 300 நாட்களுக்குத் தருவதாகச் சொன்னார்கள். பெருக்கிப் பார்த்தால் 81,000 ரூபாய். பெருக்கிப் பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதுதான் துரதிர்ஷ்டம். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு எக்ஸ்சேஞ்சில் அந்தக் காயின் பட்டியலாகியிருக்கிறது என்பது கொடுக்கப்பட்ட நம்பிக்கைகளில் ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுக்கும் பழைய சீட்டுக் கம்பெனி வேலைதான். காயின் என்பது புதுப் பெயர்ப் பலகை. மோசடியின் அளவு சுமார் 1,200 கோடி ரூபாய் என்றது அமலாக்கத் துறை. 2022 ஜனவரியில் அது முடக்கிய சொத்துகளின் மதிப்பு 36.72 கோடி. நூறு ரூபாய் போனதில் மூன்று ரூபாய்.

இத்தகைய திட்டங்களின் அடையாளம் தினக்கூலி போல நிச்சய வருமானம் சொல்வது. பிட்காயினின் விலை நாளை என்னவென்று யாருக்கும் தெரியாது. அதை வைத்துத் தினம் 270 ரூபாய் தருவேன் என்பவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. இன்னொரு அடையாளம் மொழி. ரிட்டர்ன் படிவம் ஆங்கிலத்தில் பேசுகிறது. எக்ஸ்சேஞ்சின் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில்தான். ஏஜெண்டு மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் தேனொழுகப் பேசுகிறார், கல்யாண மண்டபத்தில் சாப்பாடும் போடுகிறார். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, தாலுகா ஆபீசில் மலையாளம் எழுதும் மக்கள் தங்கள் மொழியில் விளக்கம் சொல்லும் முதல் ஆளை நம்பிவிடுவதில் ஆச்சரியமில்லை. அந்த இடத்தைச் சட்டம் காலியாக விட்டிருக்கிறது.

மோசடி இல்லாத நேர் வியாபாரத்திலும் ஆபத்து உண்டு. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரடியாகக் காயின் விற்று, வங்கிக் கணக்கில் பணம் பெற்றுக்கொள்பவர்கள் உண்டு. வந்த பணம் வேறு எங்கோ சைபர் மோசடியில் யாரோ இழந்த பணமாக இருந்தால், குஜராத்திலோ தெலங்கானாவிலோ பதிவான புகாருக்காக இங்கே கணக்கு முடங்குகிறது. வெறும் யுபிஐ மூலம் பணம் பெற்ற கேரள வியாபாரிகள் பலரின் கணக்குகளே இப்படி முடங்கி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. போலீஸ் சந்தேகிக்கும் தொகையை மட்டும் முடக்கினால் போதும், முழுக் கணக்கையும் அல்ல என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் வங்கிகளுக்குச் சொன்னது. அது நிவாரணம்தான். ஆனால் அந்தத் தொகை எதற்காக வந்தது என்று காட்ட காய்கறிக் கடைக்காரரிடம் பில் இருக்கும். காயினைக் கைமாற்றி விற்றவரிடம் ஒரு வாட்ஸ்அப் உரையாடல் இருந்தால் அதிகம். இந்த நேர் வியாபாரத்தில் 1 சதவிகிதத்தைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குபவர் என்பதும், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதே குற்றம் என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது.

தடம் விட்டு வாங்குவதால் கிடைப்பது என்ன என்பதற்குச் சென்னையில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 2024 ஜூலை 18ஆம் தேதி சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் எல்லோருடைய கணக்கும் முடங்கியது. தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்ததால் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒரு சீரமைப்புத் திட்டம் போடப்பட்டது: நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதை ஏற்காத ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் அவர் 1,98,516 ரூபாய் கட்டி 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்கள் வாங்கியிருந்தார். திருட்டுப் போனவை வேறு வகைக் காயின்கள். என்னுடையவை பத்திரமாக இருக்கும்போது அடுத்தவர் நஷ்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25ஆம் தேதி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். கிரிப்டோ என்பது கையில் பிடிக்கும் பொருளும் அல்ல, நாணயமும் அல்ல. ஆனால் அது ஒரு சொத்து, ஒருவர் உரிமையாக வைத்திருக்கவும் அனுபவிக்கவும், இன்னொருவர் அவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் கூடியது என்றது தீர்ப்பு. சிங்கப்பூர் வழக்கைக் காட்டி இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற வாதம் எடுபடவில்லை. காரணம், அவர் பணம் அனுப்பியது சென்னையில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து. இந்தத் தீர்ப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கிரிப்டோ எந்த வகை என்று பார்க்க நீதிபதி எடுத்துக்கொண்டவற்றில் வருமான வரிச் சட்டமும் ஒன்று. 30 சதவிகிதம் பிடுங்குவதற்காக அந்தச் சட்டத்தில் நுழைந்த ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்ற விளக்கம் முதலீட்டாளரின் பக்கம் நின்றது.

அந்தப் பெண்ணின் கையில் இருந்தவை அதிகமில்லை. வங்கியிலிருந்து பணம் போன தேதி, வாங்கிய காயின்களின் எண்ணிக்கை தசமப் புள்ளியோடு, தன் பெயரில் சரிபார்க்கப்பட்ட கணக்கு. ரொக்கம் கொடுத்து யாரோ ஒருவரின் போனில் காயின் வாங்கியவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது. அவர் வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் தனக்குக் காயின் இருந்தது என்பதையே நிரூபிக்க வேண்டும்.

ஆகவே வாங்கியவர்கள் செய்ய வேண்டிய வீட்டு வேலை கொஞ்சம் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து பரிவர்த்தனைப் பட்டியலை ஒவ்வொரு மார்ச் முடிந்ததும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனி முடங்கிய பிறகு இறக்க முடியாது என்பதை வாசிர்எக்ஸ் கற்றுக்கொடுத்தது. ரிட்டர்னில் கிரிப்டோவுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது: வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை, ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரி. சம்பளக்காரர்களின் எளிய முதல் படிவத்தில் அது கிடையாது. இரண்டாம் படிவம் அல்லது வியாபாரமாகச் செய்பவர்களுக்கு மூன்றாம் படிவம். பிடிக்கப்பட்ட 1 சதவிகிதம் வரி இலாகாவின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும். அதில் தெரிகிற விற்பனை ரிட்டர்னில் இல்லையென்றால் கடிதம் வருவதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நஷ்டமானாலும் எழுதத்தான் வேண்டும். கழிக்க முடியாத நஷ்டத்தை எதற்கு எழுதுவது என்று விட்டவர்கள்தான் கடிதம் வந்ததும் அதிகம் திணறுகிறார்கள். விற்ற மொத்தத் தொகை இலாகாவுக்குத் தெரியும், வாங்கிய விலை தெரியாது.

முந்தைய வருஷங்களில் காட்டாமல் விட்டவர்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. திருத்திய புதுப்பிப்பு ரிட்டர்னை நான்கு ஆண்டுகள் வரை தாக்கல் செய்யலாம் என்று 2025இல் கால அவகாசம் நீட்டிக்கப்பட்டது. முதல் ஆண்டுக்குள் வந்தால் வரிக்கும் வட்டிக்கும் மேல் 25 சதவிகிதம் கூடுதல், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றில் 60, நான்கில் 70. சோதனை நடந்துவிட்டால் அந்த வாசலும் கிடையாது.

சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ உள்ள ஆடிட்டரிடம் பட்டியலைக் கொடுத்தால் நூறு, இருநூறு வரிகள் கொண்ட அட்டவணையை அவர் நிரப்பித் தருவார். வரிக்கு ஒரு தொகை என்று கட்டணம் கேட்பவர்களும் உண்டு. அந்தக் கட்டணத்தையும் லாபத்திலிருந்து கழிக்க முடியாது.